தகரக்கரையின் மூன்று சனிக்கிழமைகள்

இந்தக் கோடை தொடங்கியபோது ஒரு நாள் ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்கு மகளோடு சப்பாத்து வாங்கப் போயிருந்தேன். சப்பாத்து அவளுக்கு, வரிசையில் நிற்கிற வேலை எனக்கு. எங்கள் வீட்டில் பொறுப்புகள் எப்போதும் இப்படித்தான் நீதியாகப் பங்கிடப்படும். வரிசை நகருவதாக இல்லை. மதுரா கைபேசியை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. ஒஸ்லோவில குளிக்கப் போகக்கூடிய நல்ல பத்து இடமாம். ஆறாவதைப் பாருங்கோ, என்ன வடிவு! நாங்கள் ஒருநாளும் போகேல்லயே."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். நீலத் தண்ணீர். தண்ணீருக்குள் நீண்டு போகும் மரமேடை. பின்னால் வெள்ளையும் சாம்பலுமாக ஏழெட்டு மாடிக் கட்டடங்கள், எல்லாவற்றிலும் கண்ணாடி பல்கனி. படத்தின் இடது மூலையில் ஒரு கறுப்புப் பாறை. நடுவில் ஒரு பள்ளம், ஓர் ஆள் குந்தியிருக்கத் தோதான பள்ளம். அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து என் இரண்டு காற்சட்டைகள் தேய்ந்து போயிருக்கின்றன.

"கீழ என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"மறைஞ்சிருந்த முத்தாம். முந்தி ஒருத்தரும் போகாத இடமாம். வீடுகள் கட்டினாப் பிறகுதான் சனத்துக்கு அந்தக் கடல் திறந்ததாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தரும் போகாத இடம். அப்படியென்றால் நாங்கள் யார்? வருஷா வருஷம் கோடையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூழ் காய்ச்சுகிற கிடாரமும் விறகும் குழந்தை வண்டிலுமாக ரயில் பாதைக்குக் கீழால் நுழைந்து போன நாற்பது ஐம்பது பேரும் யார்? கூழ் வாசத்துக்கு மேலே வந்து வட்டமிட்ட கடற்காகங்களுக்குக் கூட எங்களைத் தெரியும். பத்திரிகைக்காரருக்குத் தெரியவில்லை.

"நீ போயிருக்கிறாய் பிள்ளை," என்றேன். "உன்ர முதல் கூழ் அங்கதான். ஒரு துளி நாக்கில வைச்ச உடன நீ வைச்ச குளறலில கரையில நிண்ட வள்ளக்காரன் எட்டிப் பாத்தவன்."

மதுராவுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. "அப்ப அடுத்த ஞாயிறு போவம்," என்றாள். சப்பாத்துப் பெட்டியை என் கையில் தந்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அந்த இடத்துக்கு நல்லதொரு நோர்வேஜியப் பெயர் இருக்கிறது. இப்போது பஸ்ஸின் நெற்றியிலேயே அதை எழுதுகிறார்கள். நாங்கள் வைத்த பெயர் தகரக்கரை. நகரத்தின் தெற்குப் பக்கம், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு பழைய வள்ளம் திருத்துகிற பட்டறை. பட்டறைக்காரர் எந்தக் காலத்திலோ மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கூரைத் தகரம் மட்டும் துண்டு துண்டாகக் கரை முழுவதும் கிடந்தது. காற்றடித்தால் அது ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களில் பலருக்கு அப்போது திடுக்கிடுவது பழக்கமாக இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவன் தேவன். தேவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நானும் அவனும் குரோருட்டில் ஓர் அறையில் இருந்தோம், ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவினோம். அவன் கழுவுவான், நான் துடைப்பேன். ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவன் மூக்கை உயர்த்தி வைத்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், பாசி மணக்குது."

"உனக்குச் சளி பிடிச்சிருக்கு," என்றேன்.

"இல்லையடா. கடல் கிட்ட இருக்கு. துறைமுகத்துக் கடல் இல்லை, வேற கடல்."

நடந்தோம். நடந்தோம் என்றால் முக்கால் மணித்தியாலம். நான் வழி முழுவதும் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ரயில் பாதைக்குக் கீழே தண்ணீர் வடிகிற ஒரு சின்னப் பொந்துக்குள்ளால் குனிந்து மற்றப் பக்கம் வந்தபோது, தார் மணமும் பாசி மணமும் பழைய டீசல் மணமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. தேவன் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றான். ஏப்ரல் மாதம். அந்தத் தண்ணீருக்குள் இறங்கியவனுக்கு ஒன்றில் விசர், அல்லது வேறேதோ இருக்க வேண்டும். அவன் பிறந்த வீடு கடலைப் பார்த்த வீடு. இராணுவம் வேலி போட்டு எடுத்த வீடு. அதை அவன் ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொன்னான், அதுவும் வெங்காயம் உரிக்கும்போது.

அதற்குப் பிறகு தகரக்கரை எங்கள் ஊராகிவிட்டது. ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் மச்சாளிடம் சொல்ல, லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் பெரிய மனிதராகிவிட்டவர்கள் கூட ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டு வந்து தூரத்தில் நிறுத்திவிட்டு, நல்ல சப்பாத்தில் சேறு படாமல் தாண்டித் தாண்டி வருவார்கள். வருவதற்கு ஒரே காரணம் கூழ்.

ஒடியல் கூழை வீட்டில் காய்ச்சலாம்தான். ஆனால் அது கூழாக இராது. கூழுக்கு ஆட்கள் வேண்டும், காற்று வேண்டும், பெரிய கிடாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கொண்டுவந்து போட வேண்டும். ஒருவர் மரவள்ளிக்கிழங்கு, ஒருவர் பயற்றங்காய், ஒருவர் பலாக்கொட்டை. யாராவது ஊருக்குப் போய்வந்தால் காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா. மீன் தலையும் இறாலும் கடையில். நண்டு மட்டும் கரையில் நாங்களே பிடித்தோம். நூலில் மீன் குடலைக் கட்டிப் பாறை இடுக்கில் விட்டால், கைக்குள் அடங்குகிற சின்னச் சின்னப் பச்சை நண்டுகள் வந்து தொங்கும். அந்தத் தண்ணீரின் அடிச்சேற்றில் என்னென்ன நஞ்செல்லாம் கிடந்தன என்று வருஷங்களுக்குப் பிறகுதான் செய்தியில் படித்தேன். அந்த நண்டுக் கூழைக் குடித்த நாங்கள் எல்லோரும் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று எழுத ஆசைதான். ஓர் ஆள் இல்லை. அவர் போனதற்கும் நண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த ஆள் ராணி அக்கா. மட்டக்களப்புக்காரி. பாடசாலை ஒன்றில் நிலம் துடைக்கிற வேலை. கூழின் அதிகாரம் முழுக்க அவர் கையில். யாழ்ப்பாணத்தார் இத்தனை பேர் நிற்க ஒடியல் கூழுக்கு மட்டக்களப்பு ஆள் தலைமையா என்று முதல் வருஷம் சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா அகப்பையை நீட்டி, "அப்ப நீங்க காச்சுங்க மனே, நான் இருந்து குடிக்கன்," என்றார். அன்று யாழ்ப்பாணத்தார் காய்ச்சிய கூழில் மா கட்டி கட்டியாகத் திரண்டு நின்றது. அடுத்த கிழமையிலிருந்து முணுமுணுப்பு இல்லை.

ஊரில் கூழ் குடிக்கிற பனையோலைப் பிளாவுக்கு நோர்வேயில் எங்கே போவது? ஹோட்டலில் வாய் உடைந்து ஒதுக்கிய கோப்பிக் கோப்பைகளைத் தேவன் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பை, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் உடைவு. என்னுடையதில் பிடி இல்லை. சூடு தாங்காமல் அதைக் கை மாற்றிக் கை மாற்றிக் குடித்த ஞாபகம் விரலில் இன்னும் இருக்கிறது.

மூன்று கல் வைத்து அடுப்பு. அந்தக் கற்களை உருட்டி வந்ததும் நானும் தேவனும்தான். நான் ஒன்று, அவன் ஒன்று, மூன்றாவதை இரண்டு பேருமாக.

தேவனுக்கு எங்களிடையே இன்னோர் உத்தியோகமும் இருந்தது. கடிதம் வாசிப்பவன். இந்த நாட்டில் எல்லாமே கடிதத்தில்தான் வரும், தெரியும்தானே. வரிக்காரர் கடிதம், வேலைக் கந்தோர் கடிதம், பிள்ளைக்கு ஊசி போடுகிற கடிதம், மாடிக்கட்டுக் குப்பை யாருடையது என்று கேட்டு வருகிற கடிதம். மொழிப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் தூங்கியபோது தேவன் ஒருவன்தான் தூங்காமல் இருந்தான். அதன் பலனை நாங்கள் பத்து வருஷம் அனுபவித்தோம். ஞாயிற்றுக்கிழமை கூழுக்கு வருகிறபோது கடிதங்களையும் கொண்டு வருவார்கள். சிலர் பிரித்துப் பார்ப்பதுமில்லை. தேவன் அந்தப் பாறைப் பள்ளத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்து, முதலில் வாய்க்குள் வாசித்து, பிறகு தமிழில் சொல்லுவான்.

"ஒண்டும் பயப்பிடாதேயுங்கோ அண்ணை. பல்லுக்கு வரச் சொல்லியிருக்கு."

"அக்கா, உங்களுக்கு லீவுக் காசு வருகுதாம். எங்களுக்குக் கோழி அடிக்கோணும்."

எனக்கு அப்போது தெரிந்த நோர்வேஜியத்தை ஒரு கோப்பிக் கோப்பைக்குள் அடக்கிவிடலாம். பின்னாளில் பஸ் லைசென்ஸ் எடுக்கத்தான் முக்கி முக்கி வாசிக்கப் பழகினேன். பழகிய பிறகும் கடிதங்களைத் தேவனிடம்தான் கொண்டு போவேன். அவன் வாசித்துச் சொன்னால்தான் கடிதம் வந்தது மாதிரி இருக்கும். மனைவி சிரிப்பாள். "உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே, பிறகென்ன?" என்பாள். அது வேறு விஷயம் என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

மதுராவுக்குப் பத்து மாதமாக இருந்த கோடை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பொந்துக்குள்ளால் குனிந்து வெளியே வந்தபோது, கரையில் ஒரு மரத்தடி நட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு தாளை அதில் அறைந்திருந்தார்கள். தாளில் ஒரு வரைபடம், நிறைய எழுத்து, கீழே ஒரு முத்திரை. எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். எங்களை இங்கிருந்து எழும்பச் சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"தேவன், என்ன மனே எழுதிக் கிடக்கு?" என்று ராணி அக்கா கேட்டார்.

தேவன் கிட்டப் போனான். வாய்க்குள் வாசித்தான். வழக்கத்தை விடக் கொஞ்சம் நேரமெடுத்தது. அதை அப்போது நான் கவனித்தேனா, அல்லது இப்போது கவனித்ததாக நினைக்கிறேனா, சத்தியமாகத் தெரியாது. பிறகு திரும்பினான்.

"ஒண்டுமில்லை. குப்பை போடாதேயுங்கோ எண்டு போட்டிருக்கு. இடம் துப்பரவில்லையாம். தகரமும் கண்ணாடியும் கிடக்கிறதால பிள்ளையளுக்கு ஆபத்தாம்."

"அதுக்கு ஏன் வரைபடம்?" என்று நான் கேட்டேன்.

"குப்பை கிடக்கிற இடத்தைக் காட்டியிருக்குது," என்றான்.

நம்பினேன். அவன் சொன்னால் நம்புவதுதானே எங்கள் வேலை. அது மட்டுமல்ல, எல்லோருக்கும் உயிர் வந்தது. எழும்பச் சொல்லவில்லை, துப்பரவாகத்தான் வைக்கச் சொல்கிறார்கள். தேவன் இன்னொன்றும் சொன்னான். "நாங்களே ஒரு டுக்னாட் வைச்சுத் துப்பரவாக்கிக் குடுத்தா நகரசபைக்காரர் பிறகு எங்களை ஒண்டும் கேக்க மாட்டினம்."

டுக்னாட் என்பது நோர்வேஜியரின் சிரமதானம். மாடிவீட்டுக்காரர் எல்லோரும் வசந்தத்தில் ஒரு நாள் இறங்கி முற்றம் கூட்டி, பூக்கன்று நட்டு, பிறகு சொசேச் தின்பார்கள். கூட்டி முடித்தபின் முற்றம் எல்லோருக்கும் பொது, யாருக்கும் சொந்தமில்லை. நாங்கள் விளங்கிக்கொண்டது வேறு. எங்களுக்குத் தெரிந்த வழக்கத்தில், ஓர் இடத்தைப் பற்றை வெட்டித் துப்பரவாக்கினவனுக்கு அந்த இடத்தில் ஒரு வாய் உண்டு. கேட்காமல் அவனை ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். மூன்று சனிக்கிழமை உழைத்தால் தகரக்கரை எங்களுடையதாகிவிடும் என்று நாங்கள் உண்மையாகவே நினைத்தோம். இப்படியொரு பிழையை எங்களைத் தவிர வேறு யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று சனிக்கிழமைகள். வேலைக் கையுறை, கடப்பாரை, உரப்பை. லோறென்ஸ்கூக் பெரிய மனிதர்கள் கூடச் சப்பாத்தை மறந்து இறங்கினார்கள். தகரங்களைப் புரட்டிப் புரட்டி ஒரு பக்கம் அடுக்கினோம். கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினோம். ஆணி, சங்கிலி, கறள் பிடித்த ஒரு நங்கூரம், யாரோ எறிந்த சைக்கிள் ஐந்து. தேவன் நடுவில் நின்று "இஞ்சால, அங்கால" என்று கை காட்டினான். தண்ணீர் விளிம்பைத்தான் மிகக் கவனமாகச் செய்ய வேண்டும் என்றான். பிள்ளைகள் காலை வைக்கிற இடமாம்.

இரண்டாம் சனிக்கிழமை ராணி அக்காவின் உள்ளங்கையைத் தகரம் கிழித்தது. பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும். எட்டுத் தையல். வேலைக்கு ஒரு மாதம் போகவில்லை. ஆனால் மூன்றாம் சனிக்கிழமை கையில் கட்டோடு வந்து, மற்றக் கையால் கூழ் காய்ச்சினார். "நம்மட இடம்தானே மனே, இரத்தம் சிந்தினாத்தான் என்ன," என்றார். எல்லோரும் சிரித்தோம். தேவன் சிரித்தானா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வருகிறதில்லை.

கோடை முடிகிற நேரம். அதுதான் கடைசிக் கூழ். அன்று தகரமில்லாத தகரக்கரை பளிச்சென்று இருந்தது. மணல் இருக்கிறது என்றே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். போகிற நேரம் பார்த்தால், அந்தப் பிளாஸ்டிக் உறை காற்றுக்குக் கழன்று புல்லில் கிடந்தது. குப்பை போடாதே என்று எழுதின தாளே குப்பையாகக் கிடப்பது சரியில்லை என்று, பெரிய பகிடி விட்டமாதிரி நினைத்துக்கொண்டு, அதை எடுத்துக் கிடாரத்துக்குள் போட்டேன். அகப்பையும் அதற்குள்தான் கிடந்தது. கிடாரம் என்னோடு வீட்டுக்கு வந்தது.

அடுத்த வசந்தத்தில் போனபோது பொந்து வாயில் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் மஞ்சள் இயந்திரங்கள். நாங்கள் எல்லோரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ராணி அக்கா தன் தழும்பை மற்றக் கையால் தடவிக்கொண்டு நின்றார். எங்களில் மிகக் கூடச் சத்தம் போட்டவன் தேவன். "துப்பரவாக்க விட்டுட்டு எடுத்துப் போட்டாங்கள்! நம்ப வைச்சு ஏமாத்திப் போட்டாங்கள்!" என்று கத்தினான். அவனைச் சமாதானப்படுத்தியது நான். தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிறகு கட்டடங்கள் வந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, எனக்கு ஓடக் கிடைத்த பஸ் வழியிலிருந்தே தெரியும். முதலில் கிரேன், பிறகு கண்ணாடி, பிறகு விளம்பரப் பலகை. மரமேடை போட்டார்கள். தண்ணீரில் மிதக்கிற, நீராவியில் வேர்க்க வைக்கிற சோனா அறை, வெளியே புகைபோக்கி. பாய்ந்து குதிக்க மூன்று தட்டு மேடை. ஐஸ்கிறீம் கடை, கயாக் வள்ளம் வாடகைக்கு, வெளிநாட்டு ரொட்டி சுடுகிற கபே. கரைக்கு மணல் வேறு லொறியில் கொண்டு வந்து கொட்டினார்கள். ரயில் பாதைக்குக் கீழே பொந்து இருந்த இடத்தில் விளக்குப் போட்ட அகலமான நடைபாதை. நல்ல வேலைதான். குறை சொல்ல மனம் வரவில்லை. குழந்தை வண்டிலோடு குனிந்து போனவனுக்கு அந்த நடைபாதையின் அருமை தெரியும்.

தேவன் அங்கே வீடு எடுத்தபோது எங்களுக்கெல்லாம் பெருமை. ஆறாம் மாடி. எப்படிக் கிடைத்தது என்று கேட்டவர்களுக்கு, "அதிஷ்டம்" என்றான். நான்தான் அவனுடைய சோபாவை லிஃப்டுக்குள் நுழைத்தவன். பல்கனியில் நின்று கீழே பார்த்தால் கறுப்புப் பாறை நேரே தெரிந்தது. "எங்களில ஒருத்தனாவது இஞ்ச இருக்கிறானே," என்று ராணி அக்கா கண் கலங்கினார். பால் காய்ச்சியதும் அவர்தான். அந்தத் தழும்புக் கையால். அதற்குப் பிறகு தேவன்தான் எங்கள் வீட்டுக்கு வருவான், மதுராவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் அங்கே போனதில்லை.

மகளோடு குளிக்கப் போகிறதென்று முடிவானதும், பாய் எடுக்கக் கீழ்நிலக் களஞ்சிய அறைக்கு இறங்கினேன். அங்கே எல்லாம் கிடக்கும்: மதுராவின் சின்னச் சறுக்குப் பலகை, உடைந்த வானொலி, எறிய மனமில்லாத என் வாழ்க்கை முழுவதும். மூலையில் கிடாரம். இத்தனை வருஷமாக அதைத் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய கிடாரத்தை வைக்க எந்த அடுப்பு இருக்கிறது? மூடியைத் தூக்கினேன். புகை மணம், பழைய மிளகாய் மணம். அகப்பை. அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறை.

பஸ் லைசென்ஸ் எடுத்த மூளை இது. வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

குப்பையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணாடியைப் பற்றி இல்லை, பிள்ளைகளைப் பற்றி இல்லை. இந்த நிலத்தில் குடியிருப்பு மாடிகள் கட்டத் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. இந்த இடத்தைப் பயன்படுத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் தங்கள் கருத்தையும் எதிர்ப்பையும் எழுத்தில் தரலாம். இன்ன திகதிக்கு முன். கடைசிச் சனிக்கிழமையிலிருந்து பார்த்தால் அந்தத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்திருக்கிறது. களஞ்சிய அறையின் விளக்கு ஆள் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும். இரண்டு தரம் அணைந்தது. இரண்டு தரமும் கையை ஆட்டிப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தேன்.

ஞாயிறு காலை அந்த உறையை நீச்சல் துவாய்க்குள் சுற்றிக்கொண்டு போனேன். மதுரா வந்த உடனேயே மேடையிலிருந்து குதித்துவிட்டாள். நடைபாதையின் முடிவில் ஓர் அறிவிப்புப் பலகை: கரையில் நெருப்பு மூட்டுவது தடை. கீழே குடியிருப்போர் சபைத் தலைவரின் பெயர். தேவனின் முழுப்பெயர், மூன்று சொல்லில். எங்கள் அடுப்புக் கற்கள் இருந்த இடத்தில் உட்கார ஒரு மர வாங்கு.

அவனே வந்தான். சோனாவிலிருந்து, வெள்ளை அங்கி போட்டு, கண்ணாடியில் நீராவி படிந்து. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அட மச்சான்! சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாய். மேல வா, தேத்தண்ணி குடிப்பம்."

"இரு," என்றேன். துவாயைப் பிரித்து உறையை நீட்டினேன். "கடிதம் ஒண்டு வந்திருக்கு. ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

சிரித்துக்கொண்டே வாங்கினான். கண்ணாடியை அங்கியில் துடைத்தான். வாய்க்குள் வாசித்தான். சிரிப்பு எந்த வரியில் நின்றது என்று எனக்குத் தெரியும்.

"சத்தமா வாசி மச்சான். எனக்கு விளங்கிற மாதிரி."

வாங்கில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் ஒரு நோர்வேஜியப் பெண் தன் பிள்ளைக்கு ஐஸ்கிறீம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தாள் ஒட்ட முதலே வீடு ஒண்டுக்கு என்ர பேரைப் பதிஞ்சு போட்டன்," என்றான். "திட்டத்தைப் பற்றிப் பேப்பரில பாத்தனான். எனக்கு யன்னலால கடல் பாக்கோணும் போல இருந்தது. உங்களுக்குச் சொல்லியிருந்தா எல்லாருமாச் சேந்து கையெழுத்து வைச்சு மறிச்சிருப்பியள்."

"அப்ப அந்த மூண்டு சனிக்கிழமை?"

நிலத்தைப் பார்த்தான். "எப்படியும் ஒரு நாள் வரப்போற வீடுதானே எண்டு நினைச்சன். கரை ஊத்தையாக் கிடந்தது."

நாங்கள் அவனுடைய முற்றத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறோம். ஐம்பது பேர், மூன்று சனிக்கிழமை, எட்டுத் தையல். எனக்குக் கோபம் வந்தது, ஓம், கண் இருட்டுகிற கோபம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அடேய், மச்சான் எனக்குக் கடல் பாத்த வீடு ஒண்டு வேணும், வந்து கையுதவி செய்யுங்கோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நாங்கள் வராமல் விட்டிருப்பமோ? ஒருத்தன் கையெழுத்து வைச்சிருப்பானோ? ராணி அக்கா முதல் ஆளா வந்திருப்பா."

அவன் அழுதான். அழட்டும் என்று விட்டேன். பிறகு அங்கிக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்: "அக்காவுக்குத் தெரியுமோ?"

ராணி அக்கா போய் இரண்டு வருஷம். அவருடைய பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன், தேவனும் ஒருவன்.

"இல்லை," என்றேன். "அவவுக்குக் கடைசிவரைக்கும் நீ வாசிச்சதுதான் தெரியும்."

மதுரா தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து, "தேவன் மாமா!" என்றாள். அவன் எழும்பி அவளுடைய தலையைத் தொட்டான். தேத்தண்ணிக்கு மேலே போகவில்லை. பஸ்ஸில் வரும்போது அவள், "நல்ல இடம் அப்பா, ஏன் முந்தியே கூட்டிக்கொண்டு வரேல்ல?" என்று கேட்டாள். தலை துவட்டு என்றேன்.

தகரம் போனதில் எனக்குக் கவலையில்லை. பொந்து போனதிலும் இல்லை. இந்த நாட்டவர் விரும்பித் தின்கிற தொர்ஸ்க் மீன் இப்போது இந்தக் கடலில் பிடிக்கவே கூடாதாம், அதுவும் போகட்டும். பிரிக்காத கடிதத்தை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் வாசிக்கும்வரை பிடியில்லாத கோப்பையைக் கை மாற்றிக்கொண்டு, பயமில்லாமல் கடலைப் பார்த்தபடி இருக்க முடிந்தது ஒரு காலம். அது போய்விட்டது.

நேற்று வரிக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கை பழக்கத்தில் அதைப் பிரிக்காமலே வேலைப் பைக்குள் வைத்துவிட்டது. பஸ் தரிப்பிடம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். குசினி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கத்தியால் கீறித் திறந்து, இரண்டு தரம் நானே வாசித்தேன். எல்லாம் விளங்கியது.